பிள்ளையில்லாக் குறை பெண்ணுக்கு மட்டுமா?

தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் கலியாணமாகி இரண்டு வருடம் கடந்தால் போதும், "இன்னும் விசேஷம் ஒன்றுமில்லையா?" என்ற கேள்வி பெண்ணைத்தான் தேடி வரும். நேர்த்தி வைப்பதும் அவளே, நோன்பிருப்பதும் அவளே. ஆணைக் கிளினிக்குக்கு அழைத்தால் மானம் குறுக்கே நிற்கிறது. ஆனால் பிள்ளையில்லாச் சோடிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரில் ஆணிடமும் காரணம் உண்டு என்கிறது மருத்துவம்.

இடம்பெயர்ந்து, பிறர் காணியில் மருந்தடித்துப் பிழைக்கும் நாம் ஒரு சங்கதியை அறிந்திருக்க வேண்டும். 1977இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், வேர்ப்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்தைத் தயாரித்த தொழிற்சாலையில், தங்களில் பலருக்கு நெடுநாளாகப் பிள்ளை பிறக்கவில்லை என்பதை ஆண் தொழிலாளர்களே பேச்சோடு பேச்சாகக் கண்டுகொண்டார்கள். பரிசோதித்தபோது சிலரது விந்தில் உயிரணுவே இல்லை. அந்நாடு 1979இல் அம்மருந்தைப் பெரும்பாலும் தடைசெய்தது. கொஸ்தாரிக்காவின் வாழைத் தோட்டங்களிலோ, அதே மருந்தால் ஆயிரக்கணக்கான கூலியாட்கள் பிள்ளைபெறும் ஆற்றலை இழந்தார்கள்.

எல்லா மருந்தும் இப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் வெறுங்கையால் கலப்பதும், காற்றுக்கு எதிரே தெளிப்பதும், அதே உடுப்போடு சோற்றுக்கு உட்காருவதும் வேண்டாம். பீடியும் மிதமிஞ்சிய கசிப்பும் விந்தைக் கெடுக்கும். வெட்கத்தால் மறைத்த பாலியல் நோய் இருவரையும் பாதிக்கும்.

ஒரு வருடம் கூடி வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் இருவருமாக மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். ஆணுக்கு முதலில் விந்துப் பரிசோதனைதான்; அதில் ஊசியுமில்லை, கத்தியுமில்லை. புதிய விந்தணு உருவாக ஏறக்குறைய மூன்று மாதம் செல்லும். ஆகவே இன்று விட்ட பீடியின் பலனை அடுத்த வாரமே தேட வேண்டாம்.