தெரிந்தே விட்டவை – 7: முத்திரை மட்டும் விழுந்த கதவு

1974 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை நண்பகல். பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில் லண்டன் புறப்படத் தயாராக நின்றது துருக்கி ஏர்லைன்ஸின் டிசி-10. சுமை ஏற்றும் தொழிலாளி ஒருவர் அதன் பின்பக்கச் சரக்கறைக் கதவைச் சாத்தி, கைப்பிடியை இறக்கினார். முரண்டு பிடிக்காமல் இறங்கியது. கதவின்மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கை ஆங்கிலத்திலும் துருக்கியிலும் இருந்தது. அல்ஜீரியாவிலிருந்து பிழைக்க வந்த அவருக்கு அந்த இரண்டு மொழிகளும் படிக்கத் தெரியாது.

விமானம் கிளம்பிச் சுமார் 10 நிமிடத்தில் அந்தக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. அதற்கு மேலே இருந்த பயணிகள் தளம் இடிந்தது. 6 பயணிகள் இருக்கைகளோடு வெளியே வீசப்பட்டார்கள். அடுத்த ஒன்றேகால் நிமிடத்தில் விமானம் எர்மெனோன்வில் காட்டுக்குள் பாய்ந்து சிதறியது. இருந்தவர்கள் 346 பேர். ஒருவர்கூட மிஞ்சவில்லை.

அந்தத் தொழிலாளியைக் கைது செய்ய வேண்டும் என்று பிரெஞ்சுப் பத்திரிகைகளில் குரல் எழுந்தது. கடைசியாகக் கதவைத் தொட்ட கை அவருடையது அல்லவா?

ஆனால் அந்தக் கதவின் கதை அவர் கைக்கு வருவதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது.

பெரும்பாலான விமானங்களில் பயணிகள் கதவு உள்ளிருந்து அடைப்பான் போல் பொருந்தும். உயரே போகப் போக உள்ளிருக்கும் காற்றழுத்தமே அதை இறுக்கிப் பிடிக்கும். டிசி-10இன் சரக்கறைக் கதவோ வெளிப்பக்கம் திறப்பது. சரக்குக்கு இடம் மிச்சம். ஆனால் அழுத்தம் முழுவதையும் கொக்கிகள்தான் தாங்கியாக வேண்டும். கொக்கிகள் சரியாக மாட்டாதபோதும், கொஞ்சம் பலம் கொடுத்தால் வெளிக் கைப்பிடி இறங்கிவிடும். பார்ப்பவருக்குக் கதவு பூட்டியதாகவே தெரியும். பூட்டு வானத்தில் விட்டுப்போனால் சரக்கறைக் காற்று ஒரே மூச்சில் வெளியேறும். மேலே அடைபட்ட காற்று தளத்தைக் கீழே நசுக்கும். விமானத்தின் வாலைத் திருப்பும் கம்பிகள் ஓடுவது அந்தத் தளத்தின் அடியில்தான்.

1970இல் தரையில் நடந்த அழுத்தச் சோதனையிலேயே கதவு பிய்ந்து தளம் இடிந்தது. தயாரிப்பாளரான மெக்டொனல் டக்ளஸ் கதவில் சிறு மாற்றம் செய்ததோடு சரி.

1972 ஜூன் 12 அன்று ஒத்திகை வானத்திலேயே நடந்தது. டெட்ராய்டிலிருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டிசி-10, கனடாவின் விண்ட்சர் நகருக்கு மேலே பறந்தபோது அதே கதவை இழந்தது. தளம் ஓரளவு சரிந்தது. சரக்கறையில் இருந்த சவப்பெட்டி ஒன்று தரையில் போய் விழுந்தது. கேப்டன் பிரைஸ் மெக்கார்மிக், என்ஜின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானத்தைத் திருப்பும் வித்தையை முன்பே பயிற்சிக் கருவியில் பழகி வைத்திருந்தார். 67 உயிர்களையும் பத்திரமாகத் தரைக்குக் கொண்டுவந்தார்.

இனியாவது விழித்திருக்க வேண்டும். பூட்டை மாற்றுங்கள், தளத்தில் காற்றுப் போக்கிகள் வையுங்கள் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அடுத்த மாதமே பரிந்துரைத்தது. கட்டாய உத்தரவு போடும் அதிகாரம் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையில் இருந்தது. அதன் தலைவர் ஜான் ஷேஃபரும் மெக்டொனல் டக்ளஸின் டக்ளஸ் பிரிவுத் தலைவர் ஜாக்சன் மெக்கவனும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். உத்தரவு வரவில்லை. பழுதை நிறுவனமே ‘சர்வீஸ் புல்லட்டின்’ அனுப்பிச் சரிசெய்துகொள்ளும் என்று வாய்மொழியாக முடிவானது.

விண்ட்சர் சம்பவத்துக்கு 15 நாள் கழித்து, கான்வேர் நிறுவனத்தின் பொறியாளர் டான் ஆப்பிள்கேட் தன் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஒப்பந்த அடிப்படையில் டிசி-10இன் உடற்பகுதியைக் கட்டித் தந்தது கான்வேர்தான். வரும் 20 ஆண்டுகளில் இந்தக் கதவுகள் திறந்துகொள்வதைத் தவிர்க்க முடியாது, திறந்தால் பெரும்பாலும் விமானமே போய்விடும் என்று அவர் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். மேலதிகாரிகள் அவர் சொன்னதைப் பொய் என்று தள்ளவில்லை. மெக்டொனல் டக்ளஸிடம் இதைக் கிளப்பினால் திருத்தும் செலவு யார் தலையில் விழும் என்றுதான் கணக்குப் போட்டார்கள். குறிப்பு கோப்புக்குள் அடங்கியது.

எர்மெனோன்வில்லில் விழுந்த விமானம் துருக்கியிடம் ஒப்படைக்கப்பட்டது 1972 டிசம்பரில். விண்ட்சருக்கு ஆறு மாதம் பின்பு! கதவில் செய்ய வேண்டிய திருத்தங்கள் முடிந்ததாக மெக்டொனல் டக்ளஸின் லாங் பீச் ஆலைப் பதிவேட்டில் பரிசோதகர்களின் முத்திரைகள் இருந்தன. பிய்ந்து விழுந்த கதவைப் பார்த்த விசாரணையாளர்கள் திடுக்கிட்டார்கள். கைப்பிடியைப் பலவந்தமாக இறக்க முடியாதபடி தடுக்கும் தகடு பொருத்தப்படவே இல்லை. போதாக்குறைக்குப் பூட்டு ஊசிகளின் அளவும் தவறாக மாற்றப்பட்டிருந்தது. அதனால்தான் ஓர்லியில் கைப்பிடி அத்தனை லேசாக இறங்கியது. விமானியை எச்சரிக்கும் விளக்கும் அணைந்துபோனது.

குறைந்த கூலிக்கு, பயிற்சி இல்லாமல் வேலை பார்த்த ஒருவரிடம் ஒரு விமானத்தின் பாதுகாப்பைச் சுமத்துவது நியாயமில்லை என்று விசாரணை சொன்னது. சட்டமும் அந்தத் திசையில் ஏற்கெனவே நகர்ந்திருந்தது. மனைவி பரிசளித்த மரவேலை இயந்திரத்திலிருந்து கட்டை தெறித்து நெற்றியில் அடிபட்ட ஒருவரின் வழக்கு 1963இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. குறையுள்ள பொருளைச் சந்தையில் விட்டவர், கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் காயத்துக்குப் பொறுப்பு என்று நீதிபதி ரோஜர் டிரேனர் தீர்ப்பு எழுதினார். அதே கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில்தான் பல நாடுகளைச் சேர்ந்த குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. ஆப்பிள்கேட்டின் குறிப்பும் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குப் பின் எதிர்த்தரப்பினர், பொறுப்பை மறுத்து வாதாடாமல் இழப்பீடு தர முன்வந்தார்கள்.

விமானப் போக்குவரத்து நிர்வாகமும் 1972இல் போடாத கட்டாய உத்தரவை 346 பேர் இறந்த பிறகு போட்டது. பாதுகாப்பு வாரியம் அன்றே கேட்ட காற்றுப் போக்கிகள், பின்னர் டிசி-10 மட்டுமல்லாமல் மற்ற பெரிய விமானங்களுக்கும் கட்டாயமாயின.

விண்ட்சர் வானில் கதவு பிய்ந்ததற்கு 15 நாள் முன்பு, 1972 மே 28 அன்று, கலிஃபோர்னியா நெடுஞ்சாலை ஒன்றில் ஃபோர்டு பின்டோ கார் திடீரென்று நின்றுபோனது. பின்னால் வந்த கார் அதன்மேல் மோதியது. அந்த வண்டியின் பெட்ரோல் டேங்க் எங்கே இருந்தது, ஏன் அங்கே இருந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)