தொட்டிக்கரியும் தோட்டத்துக் கிணறும்

பங்குனி பிறந்தால் கொடுமுடிப் படித்துறையில் நிற்க இடம் கிடைக்காது. கொங்குச் சீமையின் பல ஊர்களிலிருந்து வரும் காவடிக்காரர்கள் இங்கே காவிரியில் தீர்த்தம் முகந்து, பழனிக்கு நடக்கிறார்கள். ஊர் மாரியம்மன் நோம்பிக்கும் இங்கிருந்துதான் தீர்த்தம் போகிறது. சாமிக்கு ஆகும் இந்தத் தண்ணீரைக் குடிப்பதற்கு மட்டும் நமக்குப் பயம். மேலே பவானி, ஈரோடு, பள்ளிபாளையம் என்று சாயமும் தோல் கழிவும் கலக்கும் ஊர்களைத் தாண்டித்தான் காவிரி கொடுமுடிக்கு வருகிறது. அதனால் சமையலறைச் சுவரில் ஃபில்டர் மாட்டிக்கொள்கிறோம்.

அந்த ஃபில்டருக்குள் இருக்கும் கறுப்புக் குருணைதான் ஆக்டிவேட்டட் கார்பன். அதில் நல்ல ரகம் தேங்காய்த் தொட்டியிலிருந்து வருகிறது. தொட்டிக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. முத்தூர், வெள்ளகோவில், காங்கேயம் பக்கத்துக் கொப்பரைக் களங்களில் அது மலையாகக் குவிந்து கிடக்கிறது.

தொட்டியைக் காற்றுப் படாமல் சுட்டால் கரி. அந்தக் கரியை 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீராவி விட்டு மறுபடி வாட்டினால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறந்துகொள்ளும். ஒரு கிராம் குருணையின் உட்பரப்பை விரித்துப் போட முடிந்தால் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 25 சென்ட் நிலம்! தண்ணீரில் கரைந்திருக்கும் பூச்சிமருந்து, சாயம், பீனால் போன்றவை அந்தத் துளைச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிக்கு இந்தக் கரிதான் உயிர் காத்தது. தேங்காய்த் தொட்டி போதாமல், 1918இல் அமெரிக்காவில் பீச் பழக் கொட்டைகளைக்கூடப் பொதுமக்களிடம் கேட்டு வாங்கினார்கள்.

ஆனால் உப்பை இது தொடாது. சாயத்தண்ணீர் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையை நினைத்துப் பார்த்தால் இது புரியும். துணியில் சாயம் ஏற உப்பைக் கொட்டுகிறார்கள். கரியால் வடிகட்டினால் நிறம் போய்விடும், உப்பு அப்படியே நிற்கும். கண்ணாடி மாதிரித் தெரியும் அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினாலும் வயல் கெடத்தான் செய்யும். சாயத்தண்ணீருக்கு ஆர்.ஓ. வரை போக வேண்டியிருப்பது இதனால்தான். வீட்டு போர் தண்ணீரின் கரிப்பும் அப்படியே. கரி ஃபில்டர் மாட்டினால் அது போய்விடும் என்று நம்பிப் பணம் கொடுத்தவர்கள் நிறையப் பேர். துளைகள் நிரம்பிய பின்னும் மாற்றாமல் விட்ட கரியில் கிருமி பெருகும் என்பதையும் விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய கவலை, கரி சுடும் இடம்.

ஒரு கிலோ ஆக்டிவேட்டட் கார்பனுக்கு ஏறக்குறைய மூன்று கிலோ கரி வேண்டும். மூன்று கிலோ கரிக்குப் பத்துக் கிலோ தொட்டி. மீதி ஏழு கிலோ எங்கே போகிறது? பழைய முறை ஆலைகளில் மண்ணில் குழி வெட்டி, தொட்டியைக் கொட்டிப் பற்றவைக்கிறார்கள். புகை வானத்துக்குப் போகிறது. தாரும் பீனாலும் குழியிலேயே தங்குகின்றன. கனன்றுகொண்டிருக்கும் கரியைத் தண்ணீர் ஊற்றி அணைக்கும்போது அவையெல்லாம் கரைந்து மண்ணுக்குள் இறங்குகின்றன. கொஞ்ச நாளில் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு பழுப்பேறி நாறுகிறது. காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் விவசாயிகள் கரி ஆலைகளை எதிர்த்து மனு மேல் மனு கொடுப்பது இதற்காகத்தான்.

குடிநீரில் பீனாலின் ஏற்கத்தக்க எல்லை லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதாவது ஒரே ஒரு கிராம் பீனால் பத்து லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஒரு கிணற்றைக் கெடுக்க இது தாராளம். அந்தப் பீனாலை நீக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துவது ஆக்டிவேட்டட் கார்பனைத்தான். கரி கப்பலேறி வெளிநாட்டுக் குடிநீரைச் சுத்தம் செய்யப் போகிறது. அதைச் சுட்ட ஊர்க்காரர் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறார். இதை ஏற்க என் மனம் மறுக்கிறது.

தொழில் நின்றால் களத்துக் கூலிகள் பிழைப்பு போகும், எல்லா ஆலையும் குழியில் சுடுவதில்லை என்கிறார்கள் ஆலைத் தரப்பில். சரிதான். தொழிலை நிறுத்தச் சொல்லவில்லை. குழியை மூடத்தான் சொல்கிறேன். மூடிய சூளையில் சுட்டால் புகையையே எரித்து பாய்லருக்குச் சூடு எடுக்கலாம். தண்ணீர் ஊற்றாமல், காற்றை அடைத்தே கரியை ஆறவிடலாம். செலவு கூடும்தான். இப்போது அந்தச் செலவைக் கிணற்றுக்காரர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

கரி சுட அனுமதி கேட்டு வருகிறவரிடம் முதலில் சுற்றுவட்டாரக் கிணறுகளின் சோதனை முடிவைக் கேட்க வேண்டும். பீனால் அளவை ஊராட்சி அலுவலகப் பலகையில் எல்லோரும் பார்க்க எழுதிப் போட வேண்டும். அப்புறம் ஆண்டுக்கு இரண்டு முறை, சித்திரைக் கோடையில் ஒன்று, ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒன்று, அதே கிணறுகளில் மறுபடி சோதனை. செலவு ஆலையுடையது.