உறையும் தவளை, உலரும் லைக்கன்

வட அமெரிக்கக் காடுகளில், அலாஸ்கா வரை, ‘வுட் ஃப்ராக்’ என்றொரு தவளை வாழ்கிறது. பழுப்பு நிறம், கண்ணையொட்டிக் கறுப்புப் பட்டை, உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு. குளிர்காலத்தில் இது உதிர்ந்த இலைகளுக்கு அடியில் உட்கார்ந்தபடியே உறைந்துபோகிறது. தோலுக்கும் தசைக்கும் நடுவே பனிக்கட்டி படர்கிறது. உடம்பிலுள்ள நீரில் 65 சதவீதம் வரை கட்டியாகிவிடும். மூச்சும் இல்லை, இதயத் துடிப்பும் இல்லை.

பிறகு எப்படிப் பிழைக்கிறது? தோலில் முதல் பனித்துகள் உருவானதுமே ஈரல் தன் சேமிப்பைக் கரைத்து, குளுக்கோஸாக ரத்தத்தில் கொட்டுகிறது. நமக்கு அவ்வளவு சர்க்கரை ஏறினால் உயிர் தங்காது. தவளைக்கோ அதுதான் காப்பு: செல்லுக்குள் இருக்கும் நீரைச் சர்க்கரை பிடித்துவைத்துக்கொள்ள, பனிக்கட்டி செல்களுக்கு வெளியே மட்டும் உருவாகிறது. அலாஸ்காத் தவளைகள் மைனஸ் 18 டிகிரி வரை தாங்கியிருக்கின்றன. வசந்தத்தில் பனி உருகியதும் முதலில் இதயம் துடிக்கும். அப்புறம் மூச்சு, கால்கள் அசைவது கடைசியில்.

இப்படி இயக்கம் நின்றும் பிழைக்கும் இன்னொரு உயிர் சாந்தோரியா எலிகன்ஸ். மலைப்பாறைகளிலும் துருவப் பகுதிகளிலும் ஆரஞ்சு நிறத் திட்டாக ஒட்டியிருக்கும் லைக்கன் இது. (நாம் பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் லைக்கன் வகைதான்.) பூஞ்சையும் பச்சைப்பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிர். பாசி ஒளியிலிருந்து உணவு தயாரிக்க, பூஞ்சை அதைப் பொதிந்து காக்கிறது. மேல்தோலின் ஆரஞ்சு நிறமி கடும் வெயிலை வடிகட்டுகிறது. நீரைச் சேமிக்கும் வேலையே இதற்குக் கிடையாது. காய்ந்தால் முழுசாகக் காய்ந்து, இயக்கமெல்லாம் ஏறக்குறைய நின்றுவிடும். ஈரம் பட்டால் சில நிமிடங்களில் ஒளிச்சேர்க்கை தொடங்கிவிடும். 2005இல் ஐரோப்பிய விண்வெளி அமைப்பு இதை ஃபோட்டான் எம்2 விண்கலத்தில் அனுப்பி, சுமார் இரண்டு வாரம் திறந்த விண்வெளியில் வைத்தது. திரும்பி வந்து ஈரம் பட்டதும் பழையபடி ஒளிச்சேர்க்கை செய்தது.

தாங்கும் வலிமையில் லைக்கன்தான் மேல், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு இதயமோ மூளையோ இல்லை; ஒரு பகுதி செத்தாலும் மிச்சம் வளரும். தவளைக்கு ஒவ்வோர் உறுப்பும் முறை தவறாமல் திரும்ப இயங்கியாக வேண்டும். அதனால் என் கணக்கில் தவளை செய்வதுதான் பெரிய வித்தை. தானமாகப் பெற்ற இதயத்தை வழக்கமான ஐஸ் பெட்டியில் இன்றும் சில மணி நேரம்தான் வைத்திருக்க முடிகிறது. உறுப்புகளை உறையவைத்துக் காக்க வழி தேடும் ஆய்வாளர்கள் இந்தத் தவளையை விடாமல் ஆராய்வது அதனால்தான்.