தறியில் ஒரு மாதிரிப் பாவு

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்புக்குச் செல்லும் பிரதான வீதியை அண்டி அமைந்துள்ள மருதமுனை, கைத்தறிச் சாரனுக்கும் சேலைக்கும் இலங்கை முழுவதும் பெயர்பெற்ற ஊராகும். இத்தகைய நெசவூர்களில் புதிய கோலம் ஒன்று விற்பனைக்கு நெய்யப்படுவதற்கு முன் சிறிய அளவில் நெய்து பார்க்கப்படும் துண்டை மாதிரி என்பர். பொறியியலாளர் முன்மாதிரி என்று குறிப்பிடுவதும் இதையே. முடிவான பொருளைச் செய்யுமுன் அதைப் பற்றிய ஐயங்களைத் தீர்த்துக்கொள்வதற்காகச் செய்யப்படும் பொருள் அது. பலர் கூடி முன்மாதிரி செய்யும்போது எந்த முடிவை முதலில் எடுப்பது, எதைப் பிந்தி எடுப்பது என்ற கேள்வி பெரும்பாலும் குழப்பத்திலேயே முடிகிறது. தறியிலோ அந்த வரிசை நூலாகவே கண்முன் கட்டப்பட்டிருக்கிறது.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல் பாவு எனப்படும். அதன் குறுக்கே நாடா எனும் ஓடத்தில் சென்று திரும்பும் நூல் ஊடை. மிதியை அழுத்தும்போது விழுது எனப்படும் கண்ணிகளின் தொகுதி பாவில் ஒரு பங்கு இழைகளை உயர்த்தி மறு பங்கைத் தாழ்த்த, இடையே திறக்கும் வாயினூடாக நாடா ஓடுகிறது. சீப்பைப் போன்ற பற்களுடைய அச்சு, புதிதாக விழுந்த ஊடையைத் துணியின் விளிம்போடு சேர்த்து அடிக்கிறது. 48 அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 60 இழை என்ற கணக்கில் பாவு போட்டால் 2,880 இழைகள் தேவைப்படும். அவை ஒவ்வொன்றும் விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிடையிலும் கையால் கோக்கப்பட வேண்டியவை. ஆகவே பாவின் நிற வரிசையையோ நெருக்கத்தையோ மாற்ற விரும்புபவர் நாட்கணக்கான உழைப்பை அவிழ்க்க நேரிடும். ஊடையின் நிறத்தை மாற்றுவதற்கோ நாடாவை மாற்றினால் போதும். பாவைப் பற்றிய குழுவின் விவாதம் முழுவதும் பாவு போடுவதற்கு முன்பே நடந்து தீர வேண்டும் என்பதும், ஊடையைப் பற்றிய வாதங்களைக் காகிதத்தில் நீட்டுவது வீண் என்பதும் இந்த வேறுபாட்டிலிருந்து கிடைப்பவை. நடைமுறையில் பல குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்வதுதான் வியப்பு.

நிறத்தைத் தெரிவு செய்வதில் கண்ணை நம்பக் கூடாது என்பதைத் தறி விரைவாகவே கற்பிக்கிறது. சிவப்பு நூற்கண்டையும் பச்சை நூற்கண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது தெரியும் பளிச்சு, அவ்விரண்டும் ஒன்றையொன்று ஊடறுத்து நெய்யப்பட்டதும் மங்கிய பழுப்பாகிவிடக் கூடும்; மெல்லிய இழைகளின் நிறங்களைத் தொலைவிலிருந்து கண் தனித்தனியே பிரித்தறியாமல் கலந்து காண்பதே காரணம். இதை அறிய ஒவ்வொரு சேர்க்கையையும் நெய்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் சேர்க்கை ஒவ்வொன்றுக்கும் தனிப் பாவு போட்டால், தறியில் கட்டும் முனைகளில் நெய்ய முடியாமல் வீணாகும் நூலே நெய்த துணியை விஞ்சிவிடும்.

துணி வடிவமைப்பாளர் இதற்குக் கையாளும் வழி எளிமையும் நுட்பமும் ஒருங்கே கொண்டது. எட்டு நிறங்களை நான்கு நான்கு அங்குலப் பட்டைகளாக வைத்து 32 அங்குல அகலத்தில் ஒரே பாவு போடப்படுகிறது. பின்னர் அதே எட்டு நிறங்கள், அதே வரிசையில், நான்கு நான்கு அங்குலமாக ஊடையில் நெய்யப்படுகின்றன. ஒரு யாருக்கும் குறைந்த நீளத்தில் 64 கட்டங்கள் கிடைக்கின்றன. மூலைவிட்டத்தில் வரும் எட்டுக் கட்டங்களில் நிறம் கலப்பின்றி நிற்கும். எஞ்சிய 56 கட்டங்களும் 28 சோடி நிறங்களின் சேர்க்கைகளே. ஒவ்வொரு சோடியும் இரு முறை, பாவும் ஊடையும் இடம் மாறி வருகின்றன. பாவும் ஊடையும் ஒரே நெருக்கத்தில் இருந்தால் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒத்திருக்கும். பாவு நெருக்கமாக இருந்தால் பாவின் நிறமே மேலோங்கும். முன்கூட்டி எவரும் கேட்டிராத கேள்விக்கும் இத்துண்டில் விடை இருப்பதே இதன் சிறப்பு. குழுவில் எவர் விரும்பிய நிறமும் விலக்கப்படாமல் ஒரே துண்டில் சோதிக்கப்பட்டுவிடுவதால், பாதிப் பிணக்குகள் எழாமலே போகின்றன.

மாதிரி அழகை மட்டுமே சோதிக்க வேண்டும் என்பதில்லை. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் நெசவு பயின்ற அன்னி அல்பர்ஸ், பெர்னாவு நகரில் அமைந்த தொழிற்சங்கப் பள்ளியின் மண்டபத்துக்காக, 1930ஆம் ஆண்டளவில் ஒரு சுவர்த்துணியை உருவாக்கினார். அதன் முன்பக்கத்தில் ஒளியைத் தெறிக்கச் செய்யும் செலோபேன் இழையும், பின்பக்கத்தில் ஒலியை உறிஞ்சும் மென்மயிர்ப் பருத்தி இழையும் சேர்க்கப்பட்டன. மண்டபம் இருளாகவும் இரைச்சலாகவும் இராமல் காப்பதே அத்துணியின் வேலை என்பதால், அதன் இயல்புகள் ஆய்வுகூடத்தில் அளந்து பார்க்கப்பட்டன. சாரனுக்கு அத்தகைய ஆய்வுகூடம் வாளியும் சவர்க்காரமும் வெயிலும்தான். தறியில் விறைப்பாக இழுபட்டிருந்த துணி வெட்டப்பட்டதும் தளர்ந்து, முதற் சலவையில் மேலும் சுருங்குகிறது. ஆதலால் தறியிலிருக்கும்போது அளந்த அகலம் அணிபவருக்குக் கிடைக்கும் அகலமன்று. சாயம் கசிகிறதா என்பதும் சலவைக்குப் பின்பே தெரியும்.

மாதிரியை நெய்பவர் பெரும்பாலும் குழுவில் கைதேர்ந்தவராக இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் நிதானமாக நெய்து காட்டிய துண்டின் அடர்த்தி, வெவ்வேறு தறிகளில் வெவ்வேறு கைகள் அச்சை அடிக்கும்போது கிடைக்காது. எனவே அங்குலத்துக்கு எத்தனை ஊடை விழுந்தது என்பதைச் சிறு உருப்பெருக்கியால் எண்ணி எழுதிவைப்பதும், அதே துண்டை நடுத்தரத் தேர்ச்சியுள்ள ஒருவரிடம் மீண்டும் நெய்யக் கொடுப்பதும் அவசியமாகின்றன. சாயமிடுபவர், பாவு போடுபவர், ஊடைக்கு நூல் சுற்றித் தருபவர், விற்பவர் ஆகியோரும் மாதிரி தறியில் இருக்கும்போதே அதைப் பார்க்க வேண்டும். இழை அடிக்கடி அறுவதன் காரணத்தை நூல் சுற்றியவரே முதலில் அறிவார். நெய்யப் பிடித்த நேரமும் அத்துண்டோடு குறிக்கப்பட வேண்டிய அளவே. 1977இல் இலங்கைப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு மலிவான இறக்குமதித் துணிகள் குவிந்த பின், கைத்தறியின் கூலிக் கணக்கில் ஒரு மணி நேரமும் பெரிதாகிவிட்டது.

மாதிரி வெட்டப்பட்டதும் ஒரு சிறு துண்டு கொப்பியில் ஒட்டப்பட்டு, நூல் இலக்கம், நிற வரிசை, ஊடைக் கணக்கு, சலவைக்கு முன்னும் பின்னுமான அகலம் ஆகியன அருகில் எழுதப்படுகின்றன. கைவிடப்பட்ட கோலங்களுக்கும் அக்கொப்பியில் இடம் உண்டு. விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே எஞ்சிய பாவு முனைகள் தறியிலேயே விடப்படுகின்றன. அடுத்த பாவின் இழைகள் அம்முனைகளோடு ஒவ்வொன்றாக முடிச்சிட்டுப் பிணைக்கப்பட்டு முன்னே இழுக்கப்படும்போது, மீண்டும் கோக்கும் வேலையின்றியே புதிய நிறங்கள் பழைய வழியில் தறிக்குள் வந்து சேர்கின்றன.