ஒரு நெஞ்சில் இரு உணர்வு



திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவிலும், வலியசாலை, கரமனை அக்கிரகாரங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அவர்களுள் ஒருவரிடம், "உங்கள் சொந்த ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பிறந்து வளர்ந்த ஊரைச் சொல்வதா, குலதெய்வம் இருக்கும் ஊரைச் சொல்வதா என்று அவர் ஒரு நொடி தயங்குவார். மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் உங்களுக்கும் அத்தயக்கம் புதியதன்று. அதைப் பற்றியே இன்று சிறிது சிந்திப்போம்.

ஒரே பொருளைக் குறித்து, ஒரே வேளையில், ஒன்றற்கொன்று மாறான இரண்டு உணர்வுகள் எழுவது மனித இயல்பு. மகளை மணமுடித்து அனுப்பும் தாயின் முகத்தில் மகிழ்ச்சியும் கண்ணீரும் ஒருங்கே தோன்றுகின்றன. 1910ஆம் ஆண்டை ஒட்டி, சுவிட்சர்லாந்து நாட்டு மனநோய் மருத்துவர் யூஜென் பிளாய்லர் என்பவர் இந்நிலைக்கு ஒரு பெயர் சூட்டினார். 'இருபுறமும் வலிமை' என்பது அதன் பொருள். மனநோயாளரை ஆராய்ந்தபோது அவர் இதனைக் கண்டார். ஆயினும், நலமுடையோரிடத்தும் இஃது உண்டென்பதை ஒப்புக்கொண்டார்.

இதனை ஐயத்தோடு சேர்த்து எண்ணிவிடலாகாது. இருட்டில் கிடப்பது கயிறோ பாம்போ என்பது ஐயம். விளக்கைக் கொண்டு வந்தால் அது நீங்கிவிடும். இருமன நிலையோ விளக்கு வந்த பின்னும் நீங்குவதில்லை. ஏனெனில், அங்கே இரண்டு உணர்வுகளும் மெய்யானவை.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளை நினைவுகூருங்கள். மொழிவழி மாநிலங்கள் அமைந்த நாள் அது. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்காக நடந்த போராட்டத்தில், 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அத்துணைத் துயருக்குப் பின் கிட்டிய வெற்றியைக் கண்டு திருவனந்தபுரத்துத் தமிழர் மகிழ்ந்தது இயற்கையே. ஆனால், அந்த எல்லைக்கோடு அவர்களை மறுபுறத்தில் விட்டுவிட்டதே! நாகர்கோவில் எழுபது கிலோமீட்டருக்கும் உட்பட்ட தொலைவுதான். அங்கே உற்றாரும் வயலும். இங்கே கடையும் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும். நேற்றுவரை ஒரே அரசின்கீழ் இருந்த உறவுகள் இன்று இரு மாநிலத்தவராயின. தாம் விரும்பியதே நடந்தது; நடந்ததே பிரிவையும் தந்தது.

மலையாள மக்களின் நிலையும் இதற்கு வேறானதன்று. மலபார் வந்து சேர்ந்தது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாகிய நாஞ்சில் நாடு கைவிட்டுப் போயிற்று. ஒரு கண்ணில் உவகை, மறு கண்ணில் ஏக்கம்.

இவ்விரு உணர்வுகளுள் ஒன்றை அழித்துவிட எவரும் முயலவில்லை என்பதே வியப்பு. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. அதனைப் பேணுவதோ கேரள அரசு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன், பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருள்கின்றனர். எல்லையாகிய களியக்காவிளையில் கேரளத்தார் வரவேற்கின்றனர். விழா முடிந்ததும் தெய்வங்கள் தத்தம் கோயிலுக்குத் திரும்புகின்றன. எல்லை எல்லையாகவே இருக்கிறது. உறவும் உறவாகவே இருக்கிறது.

நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே. இரண்டில் ஒன்றைப் பொய்யென்று அடக்க முற்படும்போதுதான் உள்ளம் கெடுகிறது. பிறந்த மண்ணின் மீதுள்ள ஏக்கத்தை மறைப்பவர், தாய்மொழி பேசவே நாணுகிறார். வாழும் மண்ணின் மீதுள்ள அன்பை மறைப்பவர், அண்டை வீட்டாரை இகழத் தொடங்குகிறார். இருவரும் தம் நெஞ்சில் பாதியை இழந்தவர்களே.

உணர்வு இரண்டாக இருக்கலாம். செயல் ஒன்றாகத்தான் இருத்தல் கூடும். ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே வீடு கட்டுவதா என்பதை ஒருநாள் முடிவு செய்தே தீர வேண்டும். முடிவு செய்த பின்னும் மற்றொரு பக்கம் நெஞ்சில் வலித்தால், எடுத்த முடிவு தவறென்று மயங்க வேண்டுவதில்லை. விட்டு வந்ததும் விலைமதிப்புடையது என்பதற்கு அவ்வலியே சான்று.

ஆகவே, "நம் ஊர் எது?" என்று உங்கள் குழந்தை கேட்குமானால், தயங்காமல் இரண்டு ஊர்ப் பெயர்களையும் சொல்லுங்கள். இரண்டும் உண்மையே.