கணினி காட்டும் எண் யாருக்கானது?

2024 நவம்பர் 25ஆம் தேதி செந்தோசாவில் உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்தில் 18 வயது குகேஷுக்கு வெள்ளைக் காய்கள். கறுப்புக் காய்களுடன் டிங் லிரன் தேர்ந்தெடுத்தது பிரெஞ்சுத் தற்காப்பு. ஒரு பிஷப்பைச் சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே அடைத்து வைக்கும் பழைய ஆட்டமுறை அது. கணினியிடம் கேட்டால், கறுப்புக்கு இதைவிட நல்ல வழிகள் உண்டு என்றுதான் சொல்லும். ஆனால், 42 நகர்வுகளில் வென்றவர் டிங். (பின்னர் 7.5-6.5 என்று குகேஷ் பட்டத்தைக் கைப்பற்றியது வேறு கதை.)

அப்படியென்றால் கணினி சொன்னது தவறா? இல்லை. அது பதில் சொல்லும் கேள்வி வேறு.

ஸ்டாக்ஃபிஷ் மென்பொருள் +1.00 என்று காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளையிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருப்பதற்குச் சமம் என்பது பழைய விளக்கம். 2022 இறுதியில் வந்த 15.1 பதிப்பிலிருந்து அதன் பொருள் மாறிவிட்டது. ஸ்டாக்ஃபிஷ் தன்னுடன் தானே விளையாடினால், அந்த நிலையிலிருந்து வெள்ளை வெல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு. ‘தன்னுடன் தானே’ என்பதைக் கவனியுங்கள். பள்ளிப் போட்டியின் மூன்றாவது சுற்றில், கடிகாரத்தில் நான்கு நிமிடங்களே மிச்சமிருக்கும் நீங்கள் அந்தக் கணக்கில் இல்லை.

கிங்ஸ் இந்தியன் தற்காப்பைக் கணினிகளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பலகையின் நடுப்பகுதியை வெள்ளைக்கு விட்டுக்கொடுப்பதால் மதிப்பீட்டில் கறுப்பு பின்தங்கிவிடும். ஆனாலும், ஃபிஷரும் காஸ்பரோவும் அதை வைத்தே பெரிய ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தார்கள். கறுப்புச் சிப்பாய்கள் தன் ராஜாவை நோக்கிப் பாய்ந்து வரும்போது, வெள்ளை தொடர்ந்து சரியான நகர்வுகளைக் கண்டுபிடிக்க வேண்டும். கணினி கண்டுபிடித்துவிடும். மனிதருக்கு வியர்க்கும்.

கணினியின் தீர்ப்பும் நிலையானதன்று. 2000ஆம் ஆண்டு லண்டனில் கிராம்னிக், காஸ்பரோவுக்கு எதிராகப் பெர்லின் தற்காப்பை நான்கு முறை ஆடினார், நான்கும் சமநிலை. அந்தப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட வெல்ல முடியாமல் காஸ்பரோவ் பட்டத்தை இழந்தார். ராணிகள் வெட்டுப்பட்டு, கறுப்பு ராஜா கோட்டை கட்ட முடியாமல் நிற்கும் அந்த நிலையில் வெள்ளைக்கே சாதகம் என்று அக்காலக் கணினிகள் மதிப்பிட்டன. இன்றைய ஸ்டாக்ஃபிஷ் அதைச் சமநிலைக்கு அருகில் வைக்கிறது.

கணினியை மூடிவைக்கச் சொல்லவில்லை. லாட்வியன் கேம்பிட் போன்றவற்றில் அது ஓட்டையைக் காட்டினால் நம்புங்கள், வாதாடிப் பயனில்லை. ஆனால் 0.2க்கும் 0.4க்கும் உள்ள வித்தியாசத்துக்காக, நன்கு பழகிய ஆட்டமுறையைத் தூக்கிப் போடுவது வீண் வேலை என்பேன்.

அடுத்த முறை ஒரே ஒரு நகர்வை மட்டும் பார்க்காமல், முதல் மூன்று நகர்வுகளையும் காட்டும்படி மென்பொருளை அமைத்துப் பாருங்கள். எதிராளிக்கு முதல் நகர்வு +0.8, மற்ற இரண்டும் 0.0 என்றால், அவர் அந்த ஒன்றைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும். மூன்றுமே +0.8 என்றால், வேறு ஆட்டமுறையைத் தேடத் தொடங்கலாம்.