அடிக்கடி காயப்படும் கோல் மன்னன்: வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?

மாணவர்களே, உங்கள் பள்ளிக் காற்பந்துக் குழுவிலோ ஹாக்கிக் குழுவிலோ இப்படி ஒருவர் இருக்கலாம். திடலில் இறங்கினால் கோல் போடுவார். ஆனால் நான்கு ஆட்டங்களில் ஓர் ஆட்டத்துக்குத் தொடையில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். அவரை நம்பிக் குழுவை அமைக்கலாமா? அல்லது கொஞ்சம் குறைவாகக் கோல் போட்டாலும் எல்லா ஆட்டத்திலும் ஆடக்கூடியவரை எடுப்பது நல்லதா?

இதே கேள்வியை வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் பல ஆண்டுகள் விவாதித்தார்கள். அவர்கள் பேச்சின் நடுவில் இருந்தவர் மரியான் காபோரிக். இந்த விவாதத்தைக் குரலை உயர்த்தித் தீர்க்க முடியாது. ஆனால் உயிரியல், இயற்பியல், கணிதம் மூன்றையும் கொண்டு அதைக் கொஞ்சம் தெளிவாக்கலாம்.

யார் இந்தக் காபோரிக்?

காபோரிக் 1982ஆம் ஆண்டு ஸ்லோவாக்கியாவின் டிரென்சின் நகரில் பிறந்தவர். என்எச்எல் எனப்படும் வட அமெரிக்க லீக்கில் 2000ஆம் ஆண்டு புதிதாகச் சேர்ந்த மினசோட்டா வைல்ட் குழு, தனது முதல் தேர்வாக அவரை எடுத்தது. லீக் ஆட்டங்களில் அக்குழுவின் முதல் கோலை அடித்தவரும் அவரே. 2007 டிசம்பர் 20ஆம் தேதி நியூயார்க் ரேஞ்சர்ஸ் குழுவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5 கோல்கள் போட்டார். அவருக்கு முன் அந்த லீக்கில் ஒருவர் ஓர் ஆட்டத்தில் 5 கோல் போட்டு ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருடைய பலம் வேகம். அவருடைய சிக்கல் கவட்டைப் பகுதியிலும் இடுப்பு மூட்டிலும் வந்த காயங்கள். அந்தக் காலத்தில் என்எச்எல் குழு ஒவ்வொன்றும் வழக்கமான பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடியது. ஏழு பருவங்களில் அவர் ஆடியதைப் பாருங்கள்:

2005-06: 65 ஆட்டம், 38 கோல்
2006-07: 48 ஆட்டம், 30 கோல்
2007-08: 77 ஆட்டம், 42 கோல்
2008-09: 17 ஆட்டம், 13 கோல்
2009-10: 76 ஆட்டம், 42 கோல்
2010-11: 62 ஆட்டம், 22 கோல்
2011-12: 82 ஆட்டம், 41 கோல்

2009 ஜனவரியில் அவருக்கு இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்தப் பருவம் முடிந்ததும், வெறும் 17 ஆட்டங்கள் ஆடியிருந்த அவரை நியூயார்க் ரேஞ்சர்ஸ் குழு ஐந்து ஆண்டுகளுக்கு 37.5 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. விவாதம் சூடானது. 'இது துணிச்சல்' என்று ஒரு தரப்பும் 'இது பைத்தியக்காரத்தனம்' என்று மறு தரப்பும் சொல்ல, விவாதம் நீண்டது.

பனியில் சறுக்கும்போது தொடைக்கு என்ன நேர்கிறது?

முதலில் இயற்பியல். நீங்கள் ஓடும்போது காலணியால் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறீர்கள். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி தரை உங்களை முன்னோக்கித் தள்ளுகிறது. இதற்கு உராய்வு வேண்டும்.

பனித்தளத்தில் அந்த உராய்வு மிகக் குறைவு. ஸ்கேட் காலணியின் எஃகு விளிம்புக்கும் பனிக்கும் இடையிலான உராய்வுக் குணகம் ஏறக்குறைய 0.005. அதனால் சறுக்கும் திசையிலேயே பின்னோக்கித் தள்ள முடியாது; கால் வழுக்கிவிடும். விளிம்பைச் சாய்த்து, பனியில் பதித்து, பக்கவாட்டில் தள்ள வேண்டும். ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் ஒவ்வொரு எட்டிலும் காலை வெளிப்பக்கமாக உதைப்பது இதனால்தான்.

இப்போது உயிரியல். தசைகளால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. ஆகவே அவை எதிரெதிர் இணைகளாக வேலை செய்கின்றன. கையை மடக்கும் இருதலைத் தசைக்கும் நீட்டும் முத்தலைத் தசைக்கும் உள்ள உறவை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். இடுப்பிலும் அப்படித்தான். வெளிப்புறத் தசைகள் காலை உடலைவிட்டு விலக்குகின்றன. தொடையின் உட்புறத் தசைகள் காலை உள்ளே இழுக்கின்றன.

உதைத்து முடித்த கால் வெளியே வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். அதை நிறுத்தி மீண்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். அந்தப் பிரேக் வேலையை உட்தொடைத் தசைகள் செய்கின்றன. அவை சுருங்க முயலும் அதே கணத்தில் கால் அவற்றை நீட்டிக்கொண்டிருக்கிறது. நீண்டபடியே விசை தருவது தசைக்கு மிகக் கடினமான வேலை. தசை நார்கள் கிழிவது பெரும்பாலும் இப்படிப்பட்ட கணத்தில்தான்.

இங்கே இன்னொரு விதியையும் சேர்த்துப் பாருங்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானது. கால் வீசும் வேகம் 20% கூடினால், 1.2 × 1.2 = 1.44, அதாவது ஆற்றல் 44% கூடும். அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் போடும் தசைதான் தாங்க வேண்டும். ஆக, ஒருவரை நட்சத்திரமாக்கும் வேகமே அவருடைய தொடைக்குச் சுமையாகவும் அமைகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். இரு முழங்கால்களுக்கு நடுவே ஒரு பந்தை வைத்து 5 விநாடி மெதுவாக அழுத்துங்கள். ஒரு கையால் தொடையின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். தசை இறுகுவது தெரியும். பிறகு பந்தை எடுத்துவிட்டு, இரு முழங்கால்களையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டி, வெளிப்பக்கம் விரிக்க முயலுங்கள். இப்போது இடுப்பின் பக்கவாட்டுத் தசை இறுகும். வலி தோன்றினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

எளிதில் காயப்படுவது தலைவிதியா?

சிலருக்கு 'கண்ணாடி உடம்பு' என்று பெயர் வைத்துவிடுகிறோம். அந்தப் பெயரை வைத்ததும் காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். அறிவியல் அங்கே நிற்பதில்லை.

2001ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், என்எச்எல் குழு ஒன்றின் ஆட்டக்காரர்களுடைய இடுப்புத் தசை வலிமையைப் பருவம் தொடங்குமுன் அளந்தார்கள். பிறகு யாருக்கு உட்தொடைத் தசை கிழிகிறது என்று கவனித்தார்கள். காயப்படாதவர்களிடம் உட்புறத் தசையின் வலிமை வெளிப்புறத் தசையின் வலிமையில் 95% இருந்தது. காயப்பட்டவர்களிடம் அது 78% மட்டுமே. இந்த விகிதம் 80%க்கும் கீழே இருந்தவர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு 17 மடங்காக இருந்தது. உடல் எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்பதில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. அதாவது, சிக்கல் விறைப்பில் இல்லை. பிரேக் போடும் தசையின் பலக்குறைவில் இருந்தது.

அடுத்த கட்டமாக, விகிதம் குறைந்த ஆட்டக்காரர்களுக்கு உட்தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி கொடுத்தார்கள். ஓர் ஆட்டக்காரர் ஓர் ஆட்டம் ஆடுவதை ஓர் அலகாகக் கொண்டால், முன்பு ஆயிரம் அலகுகளுக்கு 3.2 ஆக இருந்த காயங்கள் 0.71 ஆகக் குறைந்தன. இது ஒரு குழுவில் மட்டும் நடந்த சிறிய ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். ஆனால் நார்வேயின் 35 காற்பந்துக் குழுக்களில் நடந்து 2019ஆம் ஆண்டு வெளியான பெரிய ஆய்வும் இதே திசையைக் காட்டியது. ஒரே ஓர் உட்தொடைப் பயிற்சியை முறையாகச் செய்த குழுக்களில் கவட்டைப் பகுதிச் சிக்கல்களின் அபாயம் 41% குறைவாக இருந்தது.

காபோரிக்கின் எண்களை மறுபடி பாருங்கள். அறுவை சிகிச்சை நடந்த பருவம் உட்பட முதல் நான்கு பருவங்களில் 328 ஆட்டங்களில் 207 ஆடினார், இது 63%. அடுத்த மூன்று பருவங்களில் 246இல் 220 ஆடினார், இது 89%. ஒருவருடைய கதையை மட்டும் வைத்துச் சிகிச்சைதான் முழுக் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. ஆனாலும் 'இவர் எப்போதும் இப்படித்தான்' என்ற வாதம் நிற்கவில்லை. 2010-11 பருவத்தில் அவர் இழந்த ஆட்டங்களுக்குத் தோள்பட்டைக் காயமும் தலையில் பட்ட அதிர்ச்சியும் காரணங்கள். மோதலால் வரும் அத்தகைய காயங்களையும் தொடைக் காயத்தையும் ஒரே பெயரின்கீழ் கூட்டினால் கணக்குப் பிழையாகும்.

ரசிகர்கள் மறந்த கணக்கு

ஏழு பருவங்களையும் கூட்டுவோம். 427 ஆட்டங்கள், 228 கோல்கள். ஆட்டத்துக்கு 0.53 கோல். சராசரியாக ஒரு பருவத்தில் 61 ஆட்டம் ஆடி, ஏறக்குறைய 32.6 கோல் போட்டிருக்கிறார்.

அவர் இல்லாத 21 ஆட்டங்களிலும் அவருடைய இடம் காலியாக இருக்காது. வேறொருவர் ஆடுவார். அந்த மாற்று ஆட்டக்காரர் சுமாரானவர் என்றே வைத்துக்கொள்வோம், ஆட்டத்துக்கு 0.15 கோல். 21 × 0.15 = 3.15. இரண்டையும் கூட்டினால் அந்த 'ஓர் இடம்' குழுவுக்குத் தருவது ஏறக்குறைய 35.7 கோல்.

இதற்கு ஈடாக, 82 ஆட்டமும் தவறாமல் ஆடும் ஒருவர் ஆட்டத்துக்கு 0.44 கோல், அதாவது ஒரு பருவத்தில் 36 கோல் போட வேண்டும். அந்த லீக்கில் ஒரு பருவத்தில் 36 கோல் எடுப்பவர்கள் வெகு சிலரே. ஆகவே கோல் கணக்கை மட்டும் பார்த்தால், அடிக்கடி இல்லாமற்போகும் நட்சத்திரம் பலர் நினைப்பதைவிட மதிப்புள்ளவர்.

மறு தரப்புக்கும் நியாயம் உண்டு. முதலாவது, நிச்சயமின்மை. சராசரி 61 ஆட்டம் என்றாலும், ஒரு பருவத்தில் 17, இன்னொன்றில் 82. பயிற்சியாளர் சராசரியை ஆட வைக்க முடியாது. இந்த ஆண்டு கிடைப்பதைத்தான் ஆட வைக்க முடியும். இரண்டாவது, பணம். என்எச்எல் குழுக்களின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2009-10 பருவத்தில் அது 56.8 மில்லியன் டாலர். ஆண்டுக்கு 7.5 மில்லியன் என்றால் அதில் 13% ஒருவருக்கே போகிறது. அவர் விழுந்தால் நல்ல மாற்று ஆளை வாங்கப் பணம் குறையும். மூன்றாவது, முக்கிய ஆட்டத்தன்று அவர் நிற்பாரா என்ற கவலை.

அந்த மூன்றாவது கவலைக்கு 2014ஆம் ஆண்டு வியப்பான பதில் வந்தது. அந்தப் பருவத்தில் காபோரிக்குக்கு முழங்காலிலும் காறை எலும்பிலும் காயம். வழக்கமான பருவத்தில் 41 ஆட்டங்களே ஆடினார். மார்ச் மாதம் அவரை லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் குழு எடுத்துக்கொண்டது. இறுதிச் சுற்றுகளில் 26 ஆட்டங்களிலும் ஆடி 14 கோல் போட்டார். அவ்வாண்டு அச்சுற்றுகளில் அதுவே மிக அதிகம். கிங்ஸ் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. இறுதியில் தோற்றது அவருடைய பழைய குழுவான ரேஞ்சர்ஸ்! ஆனால் இதையும் சான்றாக மிகைப்படுத்தக் கூடாது. 26 ஆட்டங்கள் சிறிய மாதிரிதான். 17 ஆட்டங்களில் 13 கோல் என்பதைப் பார்த்து 'முழுப் பருவம் ஆடியிருந்தால் 63 கோல்' என்று சொல்வதும் அதே பிழைதான். அவர் தம் ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் லீக்கில் ஆடியவை 1,035 ஆட்டங்கள். போட்டவை 407 கோல்கள். 'உடைந்துபோகிறவர்' என்று பேசப்பட்டவர் ஆயிரம் ஆட்டங்களைத் தாண்டினார்.

இதில் உங்களுக்கு என்ன?

மாவட்ட நிலைப் போட்டி நெருங்கும்போது வலியை மறைக்கும் மாணவர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். 'சொன்னால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள்' என்ற பயம். இந்தப் பயத்துக்குக் காரணம் நாம்தான். காயப்பட்டவரைப் பலவீனர் என்று கேலி செய்கிறோம்.

கிழிந்த தசை படிப்படியாக ஆறுகிறது. முதல் சில நாள் வீக்கம். பிறகு சில வாரங்கள் புதிய இழைமம் உருவாகும். அது ஒழுங்காக அடுக்கப்பட்டு வலிமை பெற மாதங்கள்கூட ஆகலாம். வலி நிற்பது முதலில். வலிமை திரும்புவது பின்னால். இந்த இடைவெளியில் களமிறங்குபவருக்குத்தான் அதே இடம் மறுபடி கிழிகிறது. ஒருமுறை காயப்பட்டவருக்கு மறுகாயம் வரும் வாய்ப்பு அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே தொடையில் சுருக்கென்ற வலி வந்தால் ஆட்டத்தை நிறுத்துங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள், மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். பந்தை முழங்கால்களுக்கிடையே அழுத்தும்போது வலி இருக்கும்வரை முழு வேகத்தில் ஓட வேண்டாம். ஒரு வாரப் போட்டிக்காக ஒரு பருவத்தை இழப்பது லாபமான கணக்கு அல்ல.

யோசித்துப் பாருங்கள்

1. 'அ' ஆட்டத்துக்கு 0.6 கோல் போடுவார்; 82இல் 50 ஆட்டமே ஆடுவார். அவருக்குப் பதிலாக வருபவர் ஆட்டத்துக்கு 0.1 கோல். 'ஆ' 82 ஆட்டமும் ஆடி, ஆட்டத்துக்கு 0.35 கோல் போடுவார். எந்த இடம் அதிகக் கோல் தரும்?

2. பூப்பந்து, காற்பந்து, சிலாட் ஆகியவற்றில் கால் பக்கவாட்டில் வேகமாக விரியும் கணங்கள் எவை? அங்கே பிரேக் போடும் தசை எது?

3. உங்கள் குழுவின் பயிற்சி நேரத்தில் உட்தொடைத் தசைக்கு என்று ஒரு பயிற்சியாவது இருக்கிறதா? இல்லையென்றால், அடுத்த பயிற்சியின்போது ஆசிரியரிடம் கேளுங்கள்.

(முதல் கேள்விக்கு விடை: 'அ' இடம் 30 + 3.2 = 33.2 கோல், 'ஆ' இடம் 28.7 கோல்.)